கரணமும் பதிவேடும்

திருமணச் சடங்கு எப்படித் தோன்றியது என்னும் செய்தியைத் தொல்காப்பியர் கற்பியலில் ஒரு சிறு நூற்பாவில் அடக்கிவிடுகிறார். மக்களிடையே பொய்ம்மையும் நெறி பிறழ்தலும் தலைகாட்டிய பிறகே பெரியோர் கரணம் எனப்படும் மணவினையை வகுத்தார்கள் என்று தமக்கு முற்பட்டவர்கள் கூறியதாக அவர் சொல்கிறார். கொண்டவளைக் கொள்ளவில்லை என்று கைவிரிப்பவன் தோன்றினான். அவன் வாயை அடைக்க ஊரறிந்த சான்று ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சான்றே கரணம் என்பது இதன் கருத்து. பந்தலும் முழவும் பல்லோர் வாழ்த்தும் வெறும் ஆரவாரத்திற்காக ஏற்பட்டவை அல்ல. நாளை ஒருவன் மறுக்கக்கூடும் என்னும் அச்சமும் அவற்றுள் அடங்கியிருக்கிறது.

கரணம் வந்த காரணத்துக்காகவே நம் காலத்தில் பதிவேடும் வந்திருக்கிறது. ஆனால் கரணம் வேறு, பதிவேடு வேறு. முன்னது திருமணத்தை ஆக்குகிறது. பின்னது ஆன திருமணத்தை எழுதி வைக்கிறது. இந்த வேறுபாட்டை உணராமையால் நேரும் துன்பங்கள் பல. மண்டபம், சமையல், நாகசுரம், அழைப்பிதழ் ஆகியவற்றை ஆறு மாதம் முன்னரே பேசி முடிக்கிற குடும்பங்கள், 'இத்திருமணம் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கப்போகிறது?' என்ற கேள்வியை ஒருமுறையேனும் கேட்டுக்கொள்வதில்லை. அதைக் கேட்க வேண்டிய காலம் முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னர்.

மணமக்கள் இருவரும் இந்துக்களாயின், 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரும் இச்சட்டத்தில் அடங்குவர். இந்த முறையில்தான் திருமணம் நடக்கவேண்டும் என்று அச்சட்டம் ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்கவில்லை. மணமக்களுள் எவரேனும் ஒருவரது குல வழக்கப்படி மணவினை நடந்தால் போதும் என்று அதன் 7ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வழக்கத்தில் தீயைச் சாட்சியாக வைத்து ஏழடி நடத்தல், அதாவது சப்தபதி, இருக்குமாயின், ஏழாம் அடி எடுத்து வைத்தவுடன் திருமணம் முற்றுப்பெறும். 'இருக்குமாயின்' என்னும் சொல்லை இங்கே கருதிப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகத்தாரிடம் ஏழடி நடக்கும் வழக்கமே இல்லை. தாலி கட்டுதலே அவர்களுக்கு முடிவான வினை. தீ வலம் வராத மணம் நமக்குப் புதியதும் அன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் திருமணத்தில் மணல் பரப்பிய பந்தலும், விளக்கும், மகப்பேறு பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டும் காட்சியும் உண்டு. வேள்வித் தீ இல்லை.

ஆயினும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இதை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை. பெரியார் ஈ. வெ. ராமசாமி தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தார், 1920ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து புரோகிதரும் மந்திரமும் இன்றித் திருமணங்களை நடத்தி வந்தார்கள். தலைவர் ஒருவர் முன்னிலை வகிப்பார். மணமக்கள் உறுதி கூறி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிறகு சொற்பொழிவுகள் நடைபெறும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு அமைந்தன. 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்தகைய திருமணம் ஒன்று வழக்காக வந்தது. சாத்திர வழியிலும் அது நடக்கவில்லை. தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று சொல்லும் அளவுக்கு அதற்கு வயதும் இல்லை. ஆகவே அது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்த ஒரு தீர்ப்பினால் எத்தனை பெண்கள் மனைவி என்னும் உரிமையையும், எத்தனை பிள்ளைகள் வாரிசு என்னும் உரிமையையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் திருமணத்துக்கு ஊரே வந்து வாழ்த்தியிருந்தது. சட்டம் மட்டும் வரவில்லை.

இக்குறையை நீக்கியது 1967இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம். அப்போது முதலமைச்சராக இருந்தவர் அறிஞர் அண்ணா. இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் புதிய பிரிவு சேர்ந்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ வேறு பிறரோ முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் 'இவரை என் கணவராக ஏற்கிறேன்', 'இவரை என் மனைவியாக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்; அல்லது மாலை மாற்றலாம், விரலில் கணையாழி அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று நிகழ்ந்தால் திருமணம் ஆயிற்று. புரோகிதர் வேண்டுவதில்லை. அதனினும் சிறப்பு, இச்சட்டம் பின்னோக்கியும் சென்றது என்பதே. சில விலக்குகள் நீங்கலாக, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது அறிவித்தது. முதுமையடைந்த பல தம்பதிகள் ஒரு நாள் காலையில் சட்டத்தின் கண்ணிலும் கணவன் மனைவி ஆனார்கள்! சட்ட நூல்களில் இத்தகைய இனிய செய்திகள் அடிக்கடி கிடைப்பதில்லை.

இனி, சடங்கு சட்டத்துக்குள் எப்படிக் குறுக்கே பாய்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்லவேண்டும். மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்துகொண்ட மராட்டியர் ஒருவர்மீது வந்த வழக்கில், இரண்டாம் திருமணத்தில் உரிய சடங்குகள் நடந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1965இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. திருமணமே ஆகவில்லை என்றால் இருதாரக் குற்றம் எங்ஙனம் ஆகும் என்பது வாதம். நம் மாநிலத்தில் ஒருவர் இதே கவசத்தை எடுத்து அணிந்துகொண்டார். முதல் மனைவி இருக்கும்போதே வேறொரு பெண்ணுக்கு மாலையிட்டுத் தாலியும் கட்டிவிட்டு, 'நான் ஏழடி நடக்கவில்லையே. ஆதலால் இது திருமணமே அன்று' என்றார். தாம் செய்த திருமணத்தைத் திருமணம் அன்று என்று தாமே நிறுவ முற்பட்ட அவர் திறமையை என்னென்பது! 2001இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 7-அ பிரிவு உள்ளது. ஏழடி எல்லார்க்கும் இன்றியமையாதது அன்று. தாலி கட்டியவுடன் திருமணம் முற்றிற்று. குற்றமும் முற்றிற்று என்று அது தீர்த்துவிட்டது. தொல்காப்பியர் கூறிய பொய்யும் வழுவும் நம் காலத்திலும் நின்றபாடில்லை.

7-அ பிரிவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஊரைக் கூட்டி அறிவித்து நடத்தினால்தான் அது செல்லும் என்றும், வழக்கறிஞர் அறையில் நடக்கும் திருமணம் செல்லாது என்றும் 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை மாற்றியது. பெற்றோரின் சினத்துக்கு அஞ்சி வரும் இருவரைப் பறைசாற்றி மணம் புரியச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஊறாகலாம் என்பதை அத்தீர்ப்பு உணர்ந்து பேசுகிறது. ஆனால் முத்திரைத்தாளில் 'நாங்கள் கணவன் மனைவி' என்று எழுதி நோட்டரி ஒருவரிடம் கையொப்பம் பெறுவது மட்டும் திருமணம் ஆகாது. அவ்விதத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று நம்பிய இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன்.

மேற்கூறிய யாவும் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கேதான் நம்மவர் பெரிதும் வழுக்கி விழுகின்றனர். மணமகன் கிறித்தவர், மணமகள் இந்து. கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவும் செய்துகொள்கிறார்கள். ஆந்திரத்திலிருந்து வந்த இத்தகைய வழக்கொன்றில், அத்திருமணம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கையில் பதிவுச் சான்று இருந்தும் அது கைகொடுக்கவில்லை. அடிப்படை இல்லாத இடத்தில் பதிவு என்ன செய்யும்? இதன் மறுபக்கத்தை 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டுகிறது. விமான ஓட்டிகளான இருவர் எந்த மணவினையும் நடத்தாமல், ஓர் அமைப்பிடம் சான்று வாங்கி அதைக்கொண்டு பதிவும் செய்துவிட்டனர். முறைப்படியான விழாவைப் பிறகு நடத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். விழா நடக்குமுன் பிணக்கு வந்தது. மணவினை இல்லையேல் இந்துத் திருமணம் இல்லை; பதிவு மட்டும் அதை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. வெளிநாட்டு விசாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்து, ஆறு திங்கள் கழித்துத் தாலி கட்டலாம் என்று திட்டமிடும் பெற்றோர் இத்தீர்ப்பை ஒருமுறை கேட்டறிவது நலம்.

கிறித்தவத் திருமணங்களுக்கு 1872ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. மணமக்களுள் ஒருவர் கிறித்தவராயினும் அது பொருந்தும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஓலை வாசிப்பதும், 'தடை அறிந்தவர் தெரிவிக்க' என்று சபையாரைக் கேட்பதும் நீங்கள் அறிந்தவையே. காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே மணம் நடக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி. சில திருச்சபைகளுக்கு விலக்கு உண்டு. இசுலாமியர் நிக்காஹ் ஓர் உடன்படிக்கை. ஒருவர் கேட்டலும் மற்றவர் ஏற்றலும் ஒரே அமர்வில் சாட்சிகள் முன்னர் நிகழும். மணமகளுக்கு உரிய மஹர் தொகை குறிக்கப்படும். ஜமாஅத்தின் தப்தரில் கையொப்பமாகும். எழுத்தில் பதியும் ஒழுங்கில் இவ்விரு சமயத்தாரும் மற்றையோர்க்கு மூத்தவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

வேறு வேறு சமயத்தார் இருவர் தத்தம் சமயத்திலேயே நின்று மணம் புரிய விரும்பினால், அவர்களுக்கு உரியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஒரே சமயத்தாரும் இதனைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு முன்னோடியாக 1872இல் ஒரு சட்டம் வந்தது. பிரம சமாசத்தார் கேசவ சந்திர சென் தலைமையில் கேட்டுப் பெற்றது அது. ஆனால் அதன்கீழ் மணம் புரிவோர், தாம் இந்துவும் அல்ல, கிறித்தவரும் அல்ல, முகமதியரும் அல்ல என்றெல்லாம் உறுதி கூறவேண்டியிருந்தது. நெஞ்சறிந்த பொய் சொல்லி இல்லறம் தொடங்குவதா என்று பலர் கூசினர். 1954ஆம் ஆண்டுச் சட்டம் எவரையும் எதனையும் மறுக்கச் சொல்வதில்லை.

இம்முறையில் பொறுமை வேண்டும். மணமக்களுள் ஒருவரேனும் குறைந்தது 30 நாள் தங்கியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். அதை அவர் தம் அறிவிப்பு ஏட்டில் பதிந்து, அலுவலகத்தில் யாவரும் காண ஒட்டி வைப்பார். நிலையான இருப்பிடம் வேறு மாவட்டமாயின் அங்கும் ஒரு படி போகும். அன்றிலிருந்து 30 நாள் வரை தடை கூறலாம். தடையாவது சட்டம் குறித்த காரணங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும்: உயிரோடுள்ள கணவனோ மனைவியோ இருத்தல், வயது நிரம்பாமை, விலக்கப்பட்ட உறவு போன்றவை. 'எனக்கு இத்திருமணத்தில் விருப்பமில்லை' என்று தந்தை எழுதித் தருவது தடை ஆகாது. தடை ஏதும் இல்லையேல், மணமக்களும் மூன்று சாட்சிகளும் உறுதிமொழியில் கையொப்பமிட்டு, அலுவலர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக வாய்விட்டுச் சொல்வர். இங்கே கரணம் அந்தச் சொல்தான். பின்பு சான்றேட்டில் எழுதி அனைவரும் கையொப்பமிடுவர். அறிவிப்புத் தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இது நடைபெறாவிடில், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணப்போர் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடுமுன் சட்டம் அறிந்தவர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று. அவ்வுறவு இச்சட்டத்தின் விலக்குப் பட்டியலில் உள்ளது. இந்து திருமணச் சட்டத்தில் குல வழக்கமே அத்தகைய மணத்துக்குப் போதிய காப்பு. சிறப்புத் திருமணச் சட்டத்திலோ, அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக அது இருக்கவேண்டும். முறைப்பெண் என்று ஊர் அறிந்தது இங்குச் செல்லுபடி ஆவதில்லை.

வயதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சற்று உரிமை உண்டு. 1955இல் மணமகனுக்கு 18, மணமகளுக்கு 15 என்றிருந்த வயது, 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21 என்றும் 18 என்றும் உயர்ந்தது. இவ்வயதுக்குச் சான்றாக எல்லா அலுவலகங்களும் கேட்பது பள்ளிச் சான்றிதழை. நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில், கோடை விடுமுறைக்கு முன்னர் யாரேனும் ஒரு தந்தை வந்து, 'ஐயா, பெண்ணின் பிறந்த ஆண்டை ஒன்று குறைத்துப் போட்டுத் தரலாகாதா? நல்ல இடம் வந்திருக்கிறது' என்று கேளாத ஆண்டில்லை. பதிவேட்டில் ஒரு முறை ஏறிய எண்ணை நான் தொட்டதில்லை. அப்பெண்களுள் இருவர் பின்னர் ஆசிரியைகளாகி என்னைப் பார்க்க வந்தார்கள்.

எழுத்துச் சான்று இல்லாமையால் என்ன நேரும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். எங்கள் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவனின் தாய், கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். அவர்கள் திருமணம் சிற்றூர்க் கோயிலொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. புகைப்படம் இல்லை, அழைப்பிதழைக் கறையான் தின்றுவிட்டது, பூசாரி காலமாகிவிட்டார். 'நீங்கள்தாம் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று அலுவலர் கேட்டார். கழுத்தில் தாலி இருந்த நாளில் எவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தம்பதிகள் என்று நீதிமன்றங்கள் ஊகித்துக்கொள்வது உண்டு. ஆனால் அந்த ஊகத்தைப் பெற நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், வழக்கறிஞருக்குக் கொடுக்கவேண்டும், காத்திருக்கவேண்டும். மகனைப் பள்ளியில் சேர்த்தபோது பெற்றோர் பெயர் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டின் படியை நான் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஊர்ப் பெரியவர் மூவரின் வாக்குமூலமும் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குப் பின்னர் வழி பிறந்தது. அவ்விரண்டு ஆண்டும் அந்த அம்மையார் பிறர் வயலில் களை எடுத்தார்.

இத்தகைய பெண்களை எண்ணித்தான் 2006இல் உச்ச நீதிமன்றம், எல்லாச் சமயத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய மாநிலங்கள் வழிசெய்யவேண்டும் என்று ஆணையிட்டது. அதன்படி தமிழ்நாட்டுத் திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எச்சமயத்தார் ஆயினும், இம்மாநிலத்தில் திருமணம் நடந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. ஆலயப் பதிவேட்டில் ஏறிவிட்டது, ஜமாஅத் ஏட்டில் ஏறிவிட்டது என்று இருந்துவிடலாகாது. அவை இருந்தாலும் இச்சட்டப்படியான பதிவு வேண்டும். பணி நடைபெறுவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அழைப்பிதழ் அல்லது கோயில், மண்டப ரசீது, இருவரின் வயதுக்கும் முகவரிக்கும் சான்று, ஒளிப்படங்கள், சாட்சிகள் ஆகியவற்றோடு இருவரும் நேரில் போகவேண்டும். பதிவு செய்யாமையால் இந்துத் திருமணம் செல்லாததாகிவிடாது. 1955ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. செல்லும் திருமணம் ஒன்றை மெய்ப்பிக்க முடியாமல் தவிப்பது வேறு வகைத் துன்பம்.

2009க்கு முன்னர் மணந்த முதியோர் நமக்கென்ன என்று இருக்கவேண்டா. அவர்களும் இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படியோ, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படியோ பதிவு கேட்கலாம். பின்னதற்கு அறிவிப்பும் 30 நாள் காத்திருப்பும் உண்டு. பேரன் பேத்தியரை உடன் அழைத்துக்கொண்டு போய்க் கையொப்பமிடுவதில் நாணம் ஒன்றும் இல்லை.

படிவம் நிரப்பும்போது பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே எழுதுங்கள். 'சண்முகம்' ஓரிடத்திலும் 'ஷண்முகம்' வேறோரிடத்திலும் இருந்தால், கடவுச்சீட்டு வாங்கும் நாளில் இருவரும் ஒருவரே என்று நிறுவ ஓர் உறுதிமொழித்தாள் தேடி அலையவேண்டும். மற்றொன்று தலைப்பெழுத்து. திருமணம் ஆனவுடன் பெண் தன் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவனின் முதலெழுத்தை ஏற்கவேண்டும் என்று பலர் சட்டம்போல் பேசுகிறார்கள். அப்படி எச்சட்டமும் கூறவில்லை. விரும்பியவர் மாற்றிக்கொள்ளலாம், விரும்பாதவர், பள்ளியில் முதல் நாள் ஆசிரியர் எழுதிய எழுத்தோடு கடைசிவரை இருக்கலாம்.